ரேகையும் மையும்

2025 பொங்கலுக்கு என் அக்கா மகன் சூரிச்சிலிருந்து ஊருக்கு வந்திருந்தான். அவன் அங்கே போய் ஆறு வருஷமாகிறது. மாட்டுப் பொங்கல் சாயங்காலம், மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெருவில் கொம்புக்கு வண்ணம் அடித்த மாடுகள் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் மாட்டுக் கொம்புக்காக நாடே ஓட்டுப் போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

அங்கே பெரும்பாலான பண்ணைகளில் கன்றாக இருக்கும்போதே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவார்கள். ஒரு விவசாயிக்கு அது பொறுக்கவில்லை. கொம்போடு மாடு வளர்க்கிறவர்களுக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார். ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் போதும், அந்த நாட்டில் அரசியலமைப்பையே திருத்தச் சொல்லி மக்கள் வாக்கெடுப்பு கேட்கலாம். அவர் சேர்த்துவிட்டார். 2018 நவம்பரில் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடந்தது. தோற்றுப்போனது. நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றார்கள்.

"தோத்தா என்ன சித்தி? ஒரு விவசாயி கேட்டான்னு நாடே உக்காந்து யோசிச்சுது பாருங்க."

அம்மா உள்ளேயிருந்து, "கொம்பு இல்லாம அது என்ன மாடு?" என்றாள். அவளுக்கு அந்தக் கதையில் அது ஒன்றுதான் புரியாத இடம்.

அவன் விடவில்லை. வருஷத்துக்கு நான்கு தடவை வீட்டுக்குத் தபாலில் வரும் ஓட்டு உறை, அதோடு வரும் சிவப்புக் கையேடு, அந்தக் கையேட்டில் அரசு சொல்வதோடு எதிர்த்தரப்பு சொல்வதையும் அச்சடித்திருப்பது, எல்லாவற்றையும் சொன்னான். கூட வேலை பார்ப்பவர் தந்த கையேட்டைப் படம் எடுத்து வைத்திருந்தான். பிறகு முடிவாகச் சொன்னான். "உலகத்துல ஜனநாயகத்துக்கு முதல் மார்க் ஒரு நாட்டுக்குத்தான்னா, அது இதுதான்."

நான் முப்பத்து நாலு வருஷம் சமூக அறிவியல் வாத்தியார். மார்க் போடுவது என் தொழில். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சரி, அடுத்த ஓட்டெடுப்புல நீ எதுக்குப் போடுவே?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு ஏது சித்தி ஓட்டு? நான் வெளிநாட்டுக்காரன்ல."

அந்த நாட்டில் குடியிருப்பவர்களில் நான்கில் ஒருவர் அவனைப் போல வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர்கள். வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், நாடு தழுவிய ஓட்டெடுப்பில் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. அவன் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். என்னைத் தொந்தரவு செய்தது அந்தச் சாதாரணம்தான். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை அவனுக்காகத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்துக் கதையில் அவன் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருக்கிறது. அந்த நாட்டுப் பெண்களுக்கு நாடளவிலான ஓட்டுரிமை கிடைத்தது 1971-இல். 1959-இல் ஒருமுறை ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் கூடாது என்றார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்று மலைக்குள் ஒரு சின்ன மாநிலம். அங்கே வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் ஊர் மைதானத்தில் கூடிக் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவது பல நூற்றாண்டு வழக்கம். ஆண்கள் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வாள்தான் வாக்காளர் அட்டை. 1990 ஏப்ரலிலும் அந்த மைதானத்தில் ஆண்கள் கூடி, பெண்களுக்கு மாநில ஓட்டு வேண்டாம் என்று கை தூக்கினார்கள். பெண்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வருஷம் நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அவர்களுக்கு அந்த மைதானத்தில் இடம் கிடைத்தது.

1990-இல்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் கூட 1952-லிருந்து ஓட்டுப் போட்டுப் பழகியவர்களாக இருந்தார்கள்.

இதை வைத்து இந்தியாவுக்கு முதல் மார்க் போட்டுவிட்டுப் போகலாம். மேடைகளில் பலர் அப்படிப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். நானே வகுப்பில் போட்டிருக்கிறேன். 1951-52 தேர்தலில் பதினேழு கோடிப் பேருக்கு மேல் வாக்காளர்கள். படிப்பு, சொத்து, சாதி, ஆண், பெண் எதுவும் பார்க்காமல் 21 வயது நிறைந்த எல்லாருக்கும் ஒரே வீச்சில் ஓட்டுரிமை. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கும். அது உண்மையான பெருமை. ஆனால் அந்தப் பெருமை யாருக்குச் சேர வேண்டியது என்பதில்தான் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு உசிலம்பட்டிப் பக்கம் போக வேண்டும்.

2011 சட்டமன்றத் தேர்தலில் எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்குச்சாவடி வேலை. வாக்காளர் பெயரைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, விரலில் மை வைப்பது என் மேசையில். மதியம் ஒரு மணி இருக்கும். வரிசை வெயிலில் நிற்கிறது. எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். கை நடுங்கியது. நான் உதவி செய்வதாக நினைத்து ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். "ரேகை வைக்க மாட்டேன் தாயி. கையெழுத்துத்தான்."

பேனாவைக் கொடுத்தேன். பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். பின்னால் ஒருவர், "பெருசு, பெருவிரல அமுக்கிட்டுப் போங்க, நேரமாவுது" என்றார். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு எழுத்து. இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து, "எங்கய்யா ரேகைச் சட்டத்துல இருந்தவரு. எங்கள யாரையும் ரேகை வைக்க விடமாட்டாரு" என்றார். பிறகு இடது ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்திலிருந்து தோல் வரை மையை இழுத்தேன். "நல்லா வையி" என்றார்.

ரேகைச் சட்டம் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிவைத்து, பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிவு செய்த சட்டம். வளர்ந்த ஆண்கள் ராத்திரி போலீஸ் கண் பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் எதிர்த்து நின்றது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது.

சுட்டது பிரிட்டிஷ் அரசு. நாடாளுமன்றங்களின் தாய் என்று பெயர் வாங்கிய நாட்டின் அரசு. பெருங்காமநல்லூருக்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1918-இல், அதே நாடாளுமன்றம் முப்பது வயது தாண்டிய பெண்களில் பலருக்கு ஓட்டுரிமை கொடுத்துச் சட்டம் போட்டிருந்தது. லண்டனில் ஓட்டுரிமையை விரித்துக்கொண்டிருந்த அதே ஆட்சிதான் இங்கே விரலைப் பிடித்து மையில் உருட்டியது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பெரியவரின் நான்கு எழுத்துதான் சொல்லித்தந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் கெட்டவன், நாம் நல்லவர்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் அதே உசிலம்பட்டிச் சீமையில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. 1996-இல் இந்த இரண்டு ஊராட்சியும், மதுரை மாவட்டத்திலேயே நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தலும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே ஒழுங்கான தலைவர் கிடையாது. சில தேர்தல்களில் மனுத் தாக்கல் செய்ய ஆளே வராதபடி ஆதிக்கச் சாதிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். சில தேர்தல்களில் தாங்களே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவித்தது, திரும்பத் திரும்ப அதுவே நடந்தது. 2006-இல், உதயச்சந்திரன் மதுரை கலெக்டராக இருந்தபோது, ஊர் ஊராகப் பேசிப் பேசித்தான் அந்த நாற்காலிகளில் ஆள் உட்கார முடிந்தது.

ரேகைச் சட்டத்தை எதிர்த்து நெஞ்சைக் காட்டிய சீமை அது. தனக்கு நடந்த அவமானத்தை மூன்று தலைமுறை மறக்காத சீமை. பக்கத்துத் தெருக்காரன் மனு எழுதும்போது அவன் பேனாவைப் பிடுங்கவும் அதே சீமையில் கை இருந்தது. எனக்கு இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் நான் அந்தப் பெரியவரைப் பற்றி எழுதுவதற்கும் அருகதை இல்லாதவள் ஆகிவிடுவேன்.

எங்கள் மேலூர்ப் பக்கம் மட்டும் யோக்கியமா? மேலவளவு இங்கேதான் இருக்கிறது. அந்த ஊராட்சியும் 1996-இல் ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்து, அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த ஒரே காரியம் தேர்தலில் ஜெயித்தது.

அந்த வாரம் நான் எட்டாம் வகுப்புக்கு உள்ளாட்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கிராம ஊராட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், அவருடைய கடமைகள் யாவை. ஜூலை 1 காலையில் பாதி வகுப்பு காலி. வந்திருந்த பிள்ளைகளும் சாதி பார்த்துத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் வரைக்கும் அப்படி உட்கார்ந்ததில்லை. கரும்பலகையில் முந்தின நாள் நான் எழுதிய "தலைவரின் அதிகாரங்கள்" என்ற தலைப்பு அழிக்காமல் கிடந்தது. அன்றைக்கு அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை. கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு விட்டுவிட்டேன். நடத்தியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதே மேலூர் வட்டாரத்தில் தும்பைப்பட்டி இருக்கிறது. கக்கன் பிறந்த ஊர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப்போன சிலரில் கக்கனும் ஒருவர். அதுவரை அந்தக் கோயில் வாசலைத் தாண்ட அவருக்கு அனுமதி கிடையாது. ஏழெட்டு வருஷத்தில் அவர் டெல்லியில் அரசியலமைப்பை எழுதிய சபையில் உறுப்பினர். 1952-இல் முதல் மக்களவையிலும் உறுப்பினர். இந்தியா அவருக்கு இடம் கொடுத்தது என்று நாம் சொல்வோம். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததால்தான் அந்தச் சபைக்கு ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி வந்தது. எனக்கு இப்படிச் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

என் கணக்கு இதுதான். மார்க் போட்டே ஆக வேண்டுமென்றால் நாட்டுக்குப் போடக் கூடாது. வெளியே நிறுத்தப்பட்டு, கேட்டு, அடிபட்டு, உள்ளே வந்தார்களே, அவர்களுக்குப் போட வேண்டும். நாடுகள் அந்த மார்க்கை வாங்கித் தங்கள் பெயரில் ஒட்டிக்கொள்கின்றன. அப்பென்செல் பெண்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள், பெருமை சுவிட்சர்லாந்துக்கு. அமெரிக்காவில் அலபாமாவின் செல்மாவில் கறுப்பின மக்கள் பாலத்தில் போலீஸ் தடியடி வாங்கினார்கள், 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது, பெருமை அமெரிக்காவுக்கு. எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் எழுதிவைத்த நாடு அது. எழுதிவைத்த நாளுக்கும் செல்மாவுக்கும் நடுவில் 189 வருஷம். அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் நம் பக்கம் காந்திகிராமம் வரைக்கும் வந்து போனார். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்து போனதாகவும், யோசித்துப் பார்த்தபோது அது உண்மைதான் என்று பட்டதாகவும் கிங்கே பிறகு சொல்லியிருக்கிறார். நாடு வேறு, நிற்கும் இடம் ஒன்று. அந்தத் தலைமையாசிரியருக்கு அது ஒரு நொடியில் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒரு நாள் அக்கா மகனிடம் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அப்போ எல்லா நாடும் ஒண்ணுதானா சித்தி? நார்வேயும் ஒண்ணு, ராணுவம் ஆளுற நாடும் ஒண்ணா?"

இல்லை. அப்படிச் சொன்னால் அது சோம்பேறித்தனம். கேட்டால் ஜெயிலில் போடும் நாட்டுக்கும், கேட்டால் நீதிமன்றம் மனுவை வாங்கிக்கொள்ளும் நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. அச்சுச் சுதந்திரத்துக்கு 1766-இலேயே சட்டம் போட்ட சுவீடனையும், பெண்களுக்கு 1893-இலேயே ஓட்டுக் கொடுத்த நியூசிலாந்தையும் நான் மதிக்கிறேன். 1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலையில் தமிழ்நாட்டு அரசைக் கலைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சத்தம் போட்டுப் பேப்பர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஆளாளுக்குப் பேப்பரை வாங்கி மனதுக்குள் படித்துவிட்டு மடித்து வைத்தார்கள். அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதனால் வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல நாடு என்று ஒரு நாட்டைக் காட்டிவிட்டு, இனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று உட்கார்ந்துவிட முடியாது என்றுதான் சொல்கிறேன். முதல் மார்க் வாங்கிய பிள்ளையே அடுத்த பரீட்சையில் விழுந்ததை எங்கள் குடும்பம் கண்ணால் பார்த்திருக்கிறது.

சிலோன் பெரியம்மா கதை அது.

அம்மாவின் மூத்த அக்கா கல்யாணமாகி ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன சனங்களில் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. இலங்கையில் 1931-இலேயே ஆண், பெண் இருவருக்கும் வயது வந்தோர் ஓட்டுரிமை வந்துவிட்டது. ஆசியாவில் அதுதான் முதல். நம்மை விட இருபது வருஷம் முன்னால். 1947 தேர்தலில் பெரியப்பா ஓட்டுப் போட்டார். தோட்டத்துச் சனங்கள் தங்கள் பிரதிநிதிகளையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1948-இல் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் அந்நியர்கள் ஆனார்கள். அடுத்த தேர்தலில் பெரியப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை. இந்தியாவும் அவர்களை உடனே தன் பிரஜை என்று சொல்லவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். தேர்தல் நடத்தும் இரண்டு நாடுகள், அதில் ஜெயித்த கட்சிகளின் இரண்டு தலைவர்கள். பங்கு போடப்பட்ட சனங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெரியப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். 1977 மார்ச்சில் அவள் முதல் முதலாக ஓட்டுப் போட்டாள். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. வடக்கே அந்தத் தேர்தல் நெருக்கடி நிலையைத் தூக்கி எறிந்தது, தமிழ்நாட்டில் முடிவு வேறு மாதிரி வந்தது. அவள் யாருக்குப் போட்டாள் என்று கடைசி வரை சொல்லவில்லை. ஆனால் மை காய்ந்து, தேய்ந்து, நகம் வளர்ந்து அந்தக் கறை மேலே ஏறிக்கொண்டே போனபோது, நகம் வெட்டும்போதெல்லாம் அந்த ஒரு விரலை விட்டுவிட்டு வெட்டினாள். கறை உள்ள நகம் நீண்டு வளைந்து தானாக உடைகிற வரைக்கும் விட்டாள். நான் சிறுமி. ஏன் பெரியம்மா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்டி, உனக்கென்ன?" என்றாள்.

அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை அம்மா இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அக்கா மகனுக்கு அதை எடுத்துக் காட்டினேன். தன் பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். ரொம்ப நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு சுவிட்சர்லாந்தைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் ஜெயித்துவிட்டதாக நினைக்கவில்லை. அவன் சொன்ன மாட்டுக் கொம்புக் கதை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அப்படி ஒரு வழி இங்கேயும் வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஒரு விதத்தில் இங்கே அது இருக்கிறது என்பதை அவனுக்குச் சொன்னேன், ஏனென்றால் அப்போதுதான் அது எங்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி என்ற பெயரில் எங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து 2,015 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. ஏழு மலை, குடைவரைக் கோயில், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து, எத்தனையோ வகைப் பறவை. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த ஊர். ஏலம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

நவம்பர் 23 அன்று கிராம சபை. வழக்கமாகக் கிராம சபைக்கு எங்கள் ஊரில் ஐம்பது பேர் வந்தால் அதிகம். குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைக் கூலி என்று பேசிவிட்டுக் கலைவோம். அன்றைக்குச் சமுதாயக்கூடத்தில் இடம் போதாமல் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம். தலைவர் ஒரு பெண். மற்ற கூட்டங்களில் அவர் பக்கத்தில் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குப் பெண்களே, "அண்ணே, நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று அவரை எழுப்பிவிட்டார்கள். தீர்மானத்தை அந்தம்மாவே நின்று படித்தார். "இந்தக் கிராம சபை எதிர்க்கிறது" என்ற இடத்தில் குரல் உடைந்தது. திரும்ப முதலிலிருந்து படித்தார்.

பிறகு தீர்மானப் புத்தகம் சுற்றுக்கு வந்தது. படித்தவர்கள் கையெழுத்துப் போட்டோம். வயதான பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஸ்டாம்ப் பேடு என் கையில் இருந்தது. ஒருத்தி ரேகை வைத்துவிட்டுத் தலைமுடியில் விரலைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எட்டிப் பார்த்து, "வெளங்குதா டீச்சர்? கோடெல்லாம் வெளங்கணும்" என்றாள். விளங்குகிறது என்றேன். எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான். அவர் வைக்க மாட்டேன் என்று தள்ளிய அதே ரேகை. இவள் கோடு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

மாவட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி இப்படித் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். நடந்தும் போனார்கள், டிராக்டரிலும் போனார்கள். நானும் முட்டி வலியோடு கொஞ்ச தூரம் நடந்தேன். அதில் எல்லாத் தெருக்காரர்களும் இருந்தார்கள். மேலவளவு நடந்த மேலூர் இதுதானா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. ஒரு நடையில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் தண்ணீர்ப் பாட்டில் கை மாறியதைப் பார்த்தேன், யார் வாய் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அன்றைக்கு ஊரில் வெடிச் சத்தம் ராத்திரி வரை அடங்கவில்லை. அக்கா மகன் மறுநாள் கிளம்ப வேண்டியவன், மந்தையில் பிள்ளைகளோடு நின்று வெடி போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு விஷயத்தை அவனிடம் நான் அன்றைக்குச் சொல்லவில்லை, அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை. தீர்மானத்தைப் படித்த அந்தம்மா அப்போது தலைவர் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடக்காமல் பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. இதற்கு முன்னால் 2016 அக்டோபரிலும் இப்படித்தான் காலம் முடிந்தது, தேர்தல் வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. சுவிட்சர்லாந்தில் வருஷத்துக்கு நான்கு உறை வருகிறது என்று அவன் சொன்னபோது எனக்கு உறைத்தது இதுதான். பாப்பாபட்டியில் பத்து வருஷம் நாற்காலியைக் காலியாக வைத்தவர்களை நாம் எவ்வளவு சரியாகத் திட்டினோம். ஊரூராக நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது ஏன் யாருக்கும் கோபம் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் கிளம்பும் முன் தன் பெயரை வெளிநாட்டு வாழ் வாக்காளராகப் பதிய முடியுமா என்று கேட்டான். பதியலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும் என்றேன். பரவாயில்லை, வருகிறேன் என்றான். போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பினோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியைத் திறந்து பெரியம்மாவின் பாஸ்போர்ட்டை அதன் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். தன் வாக்காளர் அட்டையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். எண்பத்து நாலு வயது.

"பஞ்சாயத்து எலெக்சன் எப்பத்தா வைப்பாய்ங்க?" என்று என்னைக் கேட்டாள்.

தெரியலம்மா என்றேன். அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.